நிறைஞ்சிருக்கு

காலையில் எழுந்ததும் பூங்கோதை காற்றை அடுப்பில் வைத்தாள். சீரிஸ் என்னும் அந்தக் குறுங்கோளில் எல்லா வீட்டிலும் நாள் அப்படித்தான் தொடங்கும். செங்கல் அளவு வெள்ளைக் கட்டி ஒன்றை வளியடுப்பில் வைத்துச் சூடேற்றினால், அதற்குள் இறுகிக் கிடக்கும் உயிர்வளி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வீட்டில் இருப்பவர்கள் மறுநாள் காலைவரை மூச்சுவிட அது போதும். காப்பியெல்லாம் அதற்குப் பிறகுதான். ஈர்ப்பு விசை பெயருக்குத்தான் இருக்கிறது என்பதால் டிகாஷன் இறங்க ஒரு யுகம் ஆகும். அந்த நேரத்தில் பல் தேய்த்து, தலைவாரி, பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றையும் முழுதாகக் கேட்டுவிடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் தட்டை சுட்டிருந்தாள். கணவன் செல்லத்துரைக்கு. இன்னும் ஒரு ஈடு சுட்டு டப்பாவை நிரப்பிவிடலாம் என்று தோன்றியது.

"உளுந்து இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நிறைஞ்சிருக்கு" என்றது மனைப்பொறி. குரல் அவளுடையதேதான். அவள்தான் பதிந்து கொடுத்திருந்தாள்.

நிறைஞ்சிருக்கு என்றால் ஒரு மணி உளுந்துகூட இல்லை என்று பொருள். அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் 'இல்லை' என்று வாயால் சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் அங்கே குடியேறிய குடும்பங்கள். பூமியிலிருந்து கிளம்பும்போது எடைக் கட்டுப்பாடு கடுமை. ஆட்டுக்கல்லையும் அண்டாவையும் விட்டுவிட்டு வந்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு எடை கிடையாது. யாரும் கூப்பிடாமலே கூட வந்துவிட்டது.

பூங்கோதை சிரித்துக்கொண்டாள். தான் எழுதிய நிரல் தன்னிடமே பதவிசாகப் பேசுவதில் ஒரு பெருமைதான் அவளுக்கு.

அந்த நிரலின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். குடியிருப்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், உப்பிலிருந்து உயிர்வளிக் கட்டிவரை, கணினிக்குள் ஒரு நிழற்பொருள் உண்டு. அந்த நிழற்பொருள்களைப் போட்டு வைக்கும் பாத்திரத்துக்குத் திரட்டு என்று பெயர். சாதாரணப் பாத்திரத்துக்கு அறிவு கிடையாது, திரட்டுக்கு உண்டு. சேர், எடு, எண்ணு, சொல் என்று அதற்கு நான்கு செயல்கள் தெரியும். உள்ளே போடச் சொன்னால் போடும், எடுக்கச் சொன்னால் எடுக்கும், எத்தனை என்றால் எண்ணும். நிலவரம் என்ன என்று கேட்டால் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும். பூமியிலிருந்து ஆயத்தமாக வந்த திரட்டு அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

குறை கண்டுபிடித்தவர் குடியிருப்புக் குழுவின் தலைவர் நாகலிங்கம்.

"வெள்ளிக்கிழமை விளக்கேத்துற நேரத்துல சுவத்துக்குள்ள இருந்து ஒரு ஆம்பளைக் குரல், எண்ணெய் இல்லை, உப்பு இல்லைன்னு ஒப்பாரி வைக்குது. குடும்பம் விளங்குமா?" என்று கூட்டத்தில் கேட்டார். கூட்டம் கைதட்டியது. நிரலாளர் என்று சம்பளம் வாங்குவது பூங்கோதை ஒருத்திதான்; வேலை அவள் தலையில் விழுந்தது.

அவள் ஆசையாகத்தான் எழுதினாள். பழைய திரட்டைப் பெற்றோராக வைத்து அதற்கு ஒரு பிள்ளைத் திரட்டை உண்டாக்கினாள். சேர், எடு, எண்ணு மூன்றையும் அப்பன் சொத்தாக அப்படியே வைத்துக்கொண்டாள். 'சொல்' ஒன்றை மட்டும் மேலெழுதினாள். உள்ளே எண்ணிக்கை சுழியானால் வெளியே வரும் சொல் 'நிறைஞ்சிருக்கு'. மற்ற நேரங்களில் 'இருக்கு'. அவ்வளவுதான். பெயர் நிறைதிரட்டு. வெளித்தோற்றம் பழையதைப் போலவே இருப்பதால் பழையது இருந்த எந்த இடத்திலும் கழற்றி மாட்டலாம், எந்த எந்திரமும் வித்தியாசம் கண்டுபிடிக்காது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சாமர்த்தியம் இல்லை என்று அவளுக்குப் பாடம் நடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மாட்டிய வாரமே தெருப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வீட்டுல ஒரு லட்சுமி பேசுறாப்புல இருக்கு" என்றாள் ஒருத்தி. நாகலிங்கம் அலுவலகத்துக்கே வந்தார்.

"ஏம்மா, வெளிக்குடில்களுக்கும் இதையே போட்டுடலாமா? அங்க இருக்கிறதும் நம்ம ஆளுங்கதானே."

"போடலாம் சார். எங்க வேணும்னாலும் பொருந்தும்" என்றாள் பூங்கோதை, வேறு ஏதோ வேலையில் இருந்ததால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

செல்லத்துரை அப்படியொரு வெளிக்குடிலில்தான் இப்போது இருந்தான்; மற்றக் குடில்களில் இந்த மாதம் ஆள் இல்லை. பனிப்பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பவன் அவன். வடக்குக் குடிலுக்கு ரொசாரியோ என்ற கூட்டாளியோடு போனவன், துளைவண்டியின் சங்கிலி அறுந்துபோய் அங்கேயே மாட்டிக்கொண்டான். மாற்றுச் சங்கிலி வார்த்து முடிய நாளாகும் என்றார்கள். குடிலில் சாப்பாடு உண்டு, வளிக்கட்டி உண்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவளும் கவலைப்படவில்லை. தட்டைதான் சுட்டாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கொட்டிலுக்குப் போனாள். வெளிக்குடில்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் சுமைவண்டி அங்கேதான் நிற்கும். தானே ஓடும் வண்டி. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பது கொட்டில் பொறுப்பாளர் ஜெபராஜின் வேலை.

"அண்ணே, வடக்குக் குடிலுக்கு அடுத்த ஓட்டம் எப்போ? அவருக்கு ஒரு டப்பா குடுத்துவிடணும்."

"வடக்கா?" ஜெபராஜ் சிரித்தார். "வண்டி அந்தப் பக்கம் போயே எவ்வளவோ நாளாச்சு தங்கச்சி. எல்லாம் உன் புண்ணியந்தான். முன்னெல்லாம் கழுதை மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப பாரு, மாப்பிள்ளை கணக்கா பளபளன்னு நிக்குது."

"என் புண்ணியமா?"

"ஆமா. தெனம் காலையில ஒவ்வொரு குடிலா இது கேக்கும், கட்டி இருக்கா இல்லையான்னு. இல்லைன்னு பதில் வந்தாக் கெளம்பும். வரலைன்னா நிக்கும். நீ புதுசா என்னமோ மாட்டுனியாமே, அதுல இருந்து எந்தக் குடிலும் இல்லைங்கிறதே கெடையாது. கேட்டா நிறைஞ்சிருக்குங்குது. நிறைஞ்ச வீட்டுக்கு எதுக்குச் சரக்கு?"

பூங்கோதை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். வண்டியின் நிரலை அவள் எழுதவில்லை. அது பூமியில் எழுதியது. அதற்கு உளுந்தும் தெரியாது, வெள்ளிக்கிழமையும் தெரியாது. 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்படி யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் எடுத்துவிட்டாள்.

"அண்ணே, வடக்குக் குடிலை இப்பக் கேக்கச் சொல்லுங்க."

ஜெபராஜ் வண்டியின் முதுகில் தட்டினார். சற்று நேரம் இரைச்சல். பிறகு அவள் குரலே அவளுக்குப் பதில் சொன்னது. "நிறைஞ்சிருக்கு."

அவள் வண்டியை நோக்கிப் பாய்ந்ததில் கால் வழுக்கியது. சீரிஸில் யாரும் தொப்பென்று விழுவதில்லை, மெல்லத்தான் இறங்குவார்கள். தரையைத் தொடுவதற்குள் ஜெபராஜ் பிடித்துவிட்டார்.

"எண்ணிக்கையைக் கேக்க முடியாதாண்ணே? சொல் வேண்டாம். எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க."

"இந்தத் தொலைவுக்கு ஒத்தைச் சொல்லுக்கு மேல வாங்காதும்மா. சிக்கனம்னு அப்படித்தான் வச்சிருக்கான். என்ன ஆச்சு உனக்கு?"

அவள் சொன்னாள். ஜெபராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது. அவர் வீட்டிலும் அதே பேச்சுதானே. தினமும் காலையில் அந்தச் சொல்லைக் காதால் கேட்டுக்கொண்டு, உடம்பு வலி மிச்சம் என்று உட்கார்ந்திருந்தவர் அவர்.

"வெளிய போற பூட்டறையைத் திறக்கத் தலைவர் உத்தரவு வேணும். வா, ஓடு" என்றார்.

நாகலிங்கம் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் நலனில் அக்கறை உள்ளவர்தான். ஆனால் நல்ல சேதி மட்டுமே காதில் விழும்படி அவருடைய காது ஒரு பக்கமாகவே வளர்ந்திருந்தது. பூங்கோதை மூச்சுவாங்கச் சொல்லி முடித்ததும், "பதறாதம்மா, பதறாத" என்றார். "வண்டி ஓட்டம் அடியோட குறைஞ்சிருக்குன்னு பூமிக்கு இப்பத்தான் அறிக்கை அனுப்பியிருக்கேன். பாராட்டிக்கூட எழுதியிருக்காங்க. ஒரு தடவை பூட்டறையைத் திறந்தா எத்தனை வீட்டுக் காத்து வீணாகும் தெரியுமா? சும்மா சந்தேகத்துக்கெல்லாம் திறக்க முடியுமா?"

"சந்தேகம் இல்லை சார். நான் எழுதினது. எனக்குத் தெரியும்."

"எந்திரம் என்ன சொன்னா என்ன, குடில்ல மனுஷங்க இருக்காங்கல்ல? நேராக் கேட்டாப் போச்சு." குடில்களோடு வாய்விட்டுப் பேசும் தொலைபேசிக் கம்பி அவர் மேசையில் மட்டும்தான் இருந்தது. அவரே எடுத்தார்.

நீண்ட நேரம் யாரும் எடுக்கவில்லை. பூங்கோதை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"யாரு... அண்ணனா?"

"நாகலிங்கம் பேசுறேன் தம்பி. எப்படி இருக்கீங்க?"

"நல்லா... இருக்கோம்ண்ணே. உங்க... புண்ணியத்துல."

"சாப்பாடெல்லாம்?"

"ஆச்சுண்ணே."

"காத்துக்கட்டி எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்குண்ணே."

நாகலிங்கம் கம்பியைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். முகமெல்லாம் வெற்றி. "கேட்டியாம்மா? உன் வீட்டுக்காரர் வாயாலேயே சொல்லிட்டாரு."

"சார், நிறைஞ்சிருக்குன்னா இல்லைன்னு அர்த்தம் சார்! நீங்கதானே அப்படிச் சொல்ல வைக்கச் சொன்னீங்க?"

"அது அடுப்படிப் பேச்சும்மா. பொம்பளைங்க உப்பு புளிக்குச் சொல்றது. ரெண்டு ஆம்பளைங்க வேலை விஷயம் பேசும்போது நிறைஞ்சிருக்குன்னா நிறைஞ்சுதான் இருக்கு."

அவள் கம்பியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்யக்கூடியவள் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

"ஏங்க, நான்தாங்க."

"கோதையா? நீ எங்க... அங்க? சாப்பிட்டியா?"

"அதை விடுங்க. கட்டி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அதான் சொன்னேனே... நிறைஞ்சிருக்குன்னு. உனக்குத்... தெரியாததா?"

"இல்லைன்னா இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அவன் வருத்தத்தோடு சொன்னான்: "வெளிய இருக்கிறவன்கிட்ட... என்ன பேச்சு இது? வாயில... நல்ல வார்த்தை வராதா? வர வேண்டியது... வந்துரும். நீ... மனசைப் போட்டு... அலட்டிக்காத."

வர வேண்டியது வந்துவிடும் என்று அவன் சொன்னது சுமைவண்டியை. நாகலிங்கம் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

"ரொசாரியோ அண்ணன்கிட்டக் குடுங்க."

"அவன்... தூங்குறான்."

காலை வேளையில் ரொசாரியோ தூங்குகிறான். வேலை இல்லாவிட்டால் வலை பின்னுவதுபோலக் கயிறையாவது முடிந்துகொண்டிருக்கும் ஆள் அவன். பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை.

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஒன்று விளங்கியது. அவள் மேலெழுதியது 'சொல்' ஒன்றைத்தான். 'எண்ணு' என்பதைத் தொடவே இல்லை. அது உள்ளே உண்மையாகவே இருக்கிறது. மனிதனும் அப்படித்தானே? அவன் சொல்வதை விட்டுவிட்டு எண்ண வேண்டும். "ஏதாவது பேசுங்க, சும்மா பேசுங்க" என்றாள். அவன் சங்கிலி அறுந்த கதையைச் சொல்லத் தொடங்கினான். ஒரே மூச்சில் முழு வாக்கியத்தையும் கொட்டி, எதிராளி வாயைத் திறப்பதற்குள் அடுத்ததற்குத் தாவுகிற வாயாடி அவன். இப்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று காற்றைத் தேடினான். அவள் சொற்களைக் கேட்கவில்லை. இடைவெளிகளை எண்ணினாள்.

"சார், அவர் பேசுறதைக் கேக்காதீங்க. மூச்சை மட்டும் கேளுங்க" என்று கம்பியை அவர் காதில் வைத்தாள்.

நாகலிங்கம் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. ஆனாலும் அறிக்கை போய்விட்டதே. திறக்கச் சொன்னால் அறிக்கை பொய்யாகும், திறக்காதே என்றால் பழி அவர் மேல் விழும். அவர் கம்பியை வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலை. பாத்துச் செய்யுங்க" என்றார்.

"வேண்டாம்னு அண்ணன் சொல்லலியே" என்றார் ஜெபராஜ். அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

சுமைவண்டி தானாகக் கிளம்ப மறுத்தது. நிறைந்த குடிலுக்குச் சரக்கு எதற்கு என்று அது தன் நியாயத்தில் நின்றது. ஜெபராஜ் அதன் மூளையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கையால் ஓட்டினார். பூங்கோதை கட்டி மூட்டைகளுக்கு நடுவில் வெளியுடையோடு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சாம்பல் நிறப் பனி. அவள் வாய் ஓயாமல் ஏதோ வேண்டிக்கொண்டே வந்தது. என்ன வேண்டினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

குடிலின் உட்கதவைத் திறந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் மூக்கைக் குத்தும் நெடி ஒன்று அடித்தது. வளிக்கட்டி எரிந்து தீர்ந்தால் மிஞ்சும் கரியை உடனே வெளியே கொட்டிவிட வேண்டும், மறுபடி சூடாக்கக் கூடாது, நஞ்சு கிளம்பும் என்று சிறுபிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். செல்லத்துரைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கரியில் ஒரு பொட்டு உயிர்வளியாவது ஒட்டியிருக்கும் என்று அதைப் பொடித்து, அடுப்பில் போட்டு, குனிந்து கிளறிக்கொண்டே இருந்திருக்கிறான். வந்த கொஞ்சக் காற்றையும் குழாய் வைத்து ரொசாரியோ படுத்திருந்த மூலைக்குத் திருப்பிவிட்டிருந்தான். ரொசாரியோவுக்குப் பிள்ளைகள் சிறிசு.

இருவருக்கும் உயிர் இருந்தது. ஜெபராஜ் கட்டிகளை அடுப்பில் ஏற்றினார். பூங்கோதை கணவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கதவு திறந்ததில் விழித்துக்கொண்ட குடில்பொறி, காலியான அலமாரியைப் பார்த்து, வந்தவர்களுக்கு மரியாதையாக அறிவித்தது. "நிறைஞ்சிருக்கு. நிறைஞ்சிருக்கு."

"ஏன் கூப்பிட்டுச் சொல்லலை? ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அவனை உலுக்கினாள்.

செல்லத்துரை கண்ணைத் திறந்தான். "நீதானே... தினமும் சொல்லிக்கிட்டிருந்த. கதவைத் திறந்தா உன் குரல்... நிறைஞ்சிருக்கு, நிறைஞ்சிருக்குன்னு. நீயே சொல்லும்போது... உனக்குத் தெரியாமலா இருக்கும்னு... பேசாம இருந்துட்டேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். ஜெபராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு, செய்ய வேலை இல்லாத இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்த மறுநாளே அவள் நிறைதிரட்டைக் கழற்றி எறிந்தாள். யாரையும் கேட்கவில்லை. சமையலறை, கிடங்கு, குடில், மருத்துவமனை என்று எங்கெல்லாம் அது பொருந்தியிருந்ததோ அங்கெல்லாம் புதிதாக ஒன்றை மாட்டினாள். அதில் 'சொல்' என்ற செயலே தனியாக இல்லை. கேட்டால் எண்ணியதை அப்படியே சொல்லும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். யார் முகம் வாடினாலும் சொல்லும். குரலை மாற்ற நேரம் இல்லாததால் அவள் குரலே இருந்தது. வேண்டிய சொற்களையெல்லாம் பொறியே அந்தக் குரலில் கோத்துக்கொண்டது.

குழு கூடியது. இனி குடிமக்களின் உயிர் சம்பந்தப்பட்ட எதிலும் பூசி மெழுகும் பேச்சு கூடாது, உண்மை உண்மையாகவே சொல்லப்பட வேண்டும் என்று நாகலிங்கமே தீர்மானம் கொண்டுவந்து, நாத்தழுதழுக்கப் பேசினார். பூமிக்குப் போன அறிக்கையில், வடக்குக் குடிலின் கையிருப்பை நேரில் சரிபார்க்கக் குழு ஒரு பயணம் ஏற்பாடு செய்தது என்று இருந்தது. பூங்கோதைக்கு அதைப் படித்துக் கோபப்படக்கூட நேரமில்லை. மருத்துவமனையிலேயே கிடந்தாள்.

ரொசாரியோ எழுந்து நடமாடி வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது செல்லத்துரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். செல்லத்துரைக்கு இருமல் நிற்கவில்லை. ஆனாலும் வாய் திரும்பிவிட்டது. செவிலியரிடமெல்லாம் துளைவண்டி கதை சொன்னான். சங்கிலி வந்துவிட்டதா, எப்போது வடக்கே போகலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டான்.

டாக்டர் மெகருன்னிசா பூங்கோதையை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அந்த நெடி நல்லா உள்ள எறங்கிடுச்சும்மா" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கழுத்தில் தொங்கிய கருவியைத் தேவையில்லாமல் சரிசெய்தார். "வெளியுடை இனிமே மாட்டக் கூடாது."

"சரி டாக்டர். உள்ளேயே இருக்கட்டும். வீட்டோட இருந்தாலே போதும்."

டாக்டர் அவள் தோளில் கைவைத்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்லா பாத்துக்குங்க. அவருக்குப் பிடிச்சதை, ஆசைப்பட்டுக் கேக்கிறதை எல்லாம் செஞ்சு குடுங்க."

பூங்கோதை தமிழச்சி. டாக்டர்கள் எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்கு யாரும் அகராதியைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. எத்தனை மாதம் என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. டாக்டரும் அவள் கேட்காமல் விட்டதற்கு நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். செல்லத்துரை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

"டாக்டரம்மா தனியாக் கூப்பிட்டாங்களே, என்ன?" என்றான். "நெஞ்சுக்குள்ள ஏதாச்சும் கோளாறாமா? அடுத்த மாசம் வேலைக்குப் போக முடியும்ல?"

கேள்வி அவளைப் பார்த்துத்தான் கேட்டான். ஆனால் படுக்கைக்கு மேலே சுவரில் இருந்த பொறிக்கு அது தெரியாது. அவன் உடம்பின் அளவுகள் அத்தனையும் அதன் திரட்டில் இருந்தன. யார் கேட்டாலும் எண்ணியதை எண்ணியபடி சொல்லும்படி அவள் எழுதி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அது தொண்டையைச் செருமாமல், தயங்காமல், அவளுடைய குரலில் தொடங்கியது.

"நெஞ்சுப் படத்தின்படி, வலது நுரையீரலில் வேலை செய்யும் பகுதி..."

பூங்கோதை ஒரே தாவலில் சுவரைத் தொட்டுவிட்டாள். ஈர்ப்பு குறைந்த ஊரில் அவசரம் கூடாது. தலை விதானத்தில் இடித்தது. வலியைப் பார்க்காமல், பொறியின் குரல்திருகைப் பிடித்து, அதற்குமேல் திரும்பாது என்னும்வரை திருகி மூடினாள். பிறகு மெல்லக் கீழே இறங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"என்னமோ சொல்ல வந்துச்சே?" என்றான் செல்லத்துரை.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "நல்லா சாப்பிடச் சொன்னாங்க."